கண்ணாடிக் குளத்தின் இலக்கணம்

கொலு பார்க்க வருகிறவர்கள் முதலில் படிகளைத்தான் பார்க்கிறார்கள். காஞ்சிபுரமா, பண்ருட்டியா, விளாச்சேரியா என்று பொம்மை வந்த ஊரைக் கேட்கிறார்கள். தசாவதார செட் எந்த வருடம் வாங்கியது என்று விசாரிக்கிறார்கள். பிறகு சுண்டலை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். படிகளுக்குப் பக்கத்தில், தரையில் மண் பரப்பி அமைத்திருக்கும் பூங்காவுக்குக் கிடைப்பது ஒரு 'நல்லா இருக்கே' மட்டும். குரோம்பேட்டை ராதா நகரிலும் நியூ காலனியிலும் அடுக்குமாடிக் கூடங்களில் வருடா வருடம் நடக்கும் அநியாயம் இது. பொம்மைக்கு உரிய மதிப்பு பொம்மைக்கு உண்டுதான். அது களிமண்ணிலும் காகிதக்கூழிலும் தலைமுறைகளாகப் பழகிய கைகளின் வேலை. ஆனால் அது விலைக்கு வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் தாங்களே யோசித்துச் செய்த கலை தரையில் கிடக்கிறது. சிக்கன அலங்காரம் என்று அதைத் தட்டிக்கொடுப்பதும் போதாது. நல்ல பூங்கா எது, சுமாரான பூங்கா எது என்று பிரித்துச் சொல்லக்கூடிய அளவுக்கு அதற்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது.

அதற்கு வேண்டிய சாமான்களைப் பாருங்கள்: முகம் பார்க்கும் கண்ணாடி, கேழ்வரகு, கடுகு, மணல், செங்கல்பொடி, தீக்குச்சி, ஜிகினாத் தாள், அட்டைப்பெட்டி, பழுப்புத் தாள். பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவை. இல்லாத கூழாங்கல்லுக்கும் உடைந்த ஓட்டுக்கும் பல்லாவரம் வெள்ளிச் சந்தை இருக்கிறது. இவற்றைக் கொண்டு ஓர் ஊரை எழுப்புவதில் கைத்திறன் இரண்டாம் பட்சம்; எதற்கு எது என்ற தேர்வே முதல் வேலை. இந்தத் தேர்வுக்குத் தமிழில் பழைய சட்டமே உண்டு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடச் செயல், பயன், வடிவம், நிறம் என நான்கு வழிகளைத் தொல்காப்பியத்தின் உவமவியல் காட்டுகிறது. செய்யுளுக்காகச் சொன்ன கணக்கு பூங்காவுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. செங்கல்பொடி செம்மண் பாதையாவது நிறத்தால். தீக்குச்சி வேலியாவது வடிவத்தால். கேழ்வரகு நாற்று புல்தரையாவது இரண்டாலும். (சொல்லப்போனால் கேழ்வரகு புல் குடும்பத்துப் பயிரே. அதை உவமை என்பதைவிட உறவுமுறை என்று சொல்லலாம்.) கண்ணாடி குளமாவது செயலால்: கரையில் நிற்பதைத் தலைகீழாகக் காட்டும் வேலையை இரண்டும் செய்கின்றன. நீலத் தாளை வெட்டி ஒட்டிய குளம் நிறத்தை மட்டுமே நம்பி நிற்பதால்தான் கண்ணில் ஒட்டுவதில்லை. இத்தனைக்கும் குளத்து நீர் நீலமாக இருப்பதே அபூர்வம்.

உவமை என்றால் இரண்டு பொருளும் தெரிய வேண்டும். முகத்தை நிலவு என்று சொல்லும்போது முகம் மறைந்துபோனால் அங்கே சொல்நயமே இல்லை. என் வாதம் முழுவதும் இதில் அடங்கும்: வீட்டுச் சாமானில் செய்யும் அலங்காரத்தின் அழகு, சாமான் மறையாமல் இருப்பதில்தான். கண்ணாடி என்று தெரிந்துகொண்டே குளம் என்று பார்க்க வேண்டும். கண் இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருவதுதான் சுகம். செய்கிறவரின் திறமை, சாமானை எவ்வளவு மாற்றினார் என்பதில் இல்லை. எவ்வளவு குறைவாக மாற்றிக் காரியத்தை முடித்தார் என்பதில் இருக்கிறது.

ஒரு நல்ல கண்ணாடிக் குளத்தைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். சட்டம் கழற்றிய சதுரக் கண்ணாடிதான் அது. நான்கு பக்கமும் மணலை உள்ளே தள்ளி, ஓரிடத்தில் விரற்கடை, இன்னோரிடத்தில் இரண்டு விரற்கடை என்று ஒழுங்கில்லாமல் விளிம்பை மூடியிருப்பார்கள். ஒரு நேர்க்கோடு வெளியே தெரிந்தாலும் குளம் போய்விடும். ரசம் பூசிய பக்கம் அடியில் இருக்கிறது. ஆகவே மேலே வைத்த மண் வாத்தின் காலும் அதன் பிம்பத்தின் காலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே கண்ணாடியின் கனத்தால் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத்தான் நம் கண் தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறது. யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பொருளே கொடுத்த கொடை. புதுக் கண்ணாடியைவிடப் பழையதே இதற்கு உசத்தி. ரசம் உதிர்ந்து ஓரத்தில் கறுத்த திட்டுகள் பாசி படர்ந்த மாதிரி இருக்கும். குளியலறையிலிருந்து தள்ளுபடியான கண்ணாடிக்கு இங்கே பதவி உயர்வு.

கண்ணாடியாவது வைத்தது வைத்தபடி இருக்கும், முளைகள் அப்படியில்லை. கடுகு இரண்டு மூன்று நாளில் முளைத்து, இதய வடிவில் இரண்டு குட்டி இலைகளை விரிக்கும். அது புல் ஆகாது. புதருக்கும் தோட்டப் பாத்திக்கும் சரி. கேழ்வரகு மெதுவாக வரும், ஆனால் ஊசி ஊசியாக நிற்பதால் புல்தரை அதன் இலாகா. விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒரே நாளில் தூவுவதில்லை. தூவினால் சரஸ்வதி பூஜைக்குள் கடுகு காடாகி, அட்டைக் கோபுரத்தை மறைத்துவிடும். இன்னொன்றும் உண்டு: ஜன்னல் ஒரு பக்கம்தான் என்பதால் முளைகள் எல்லாம் அந்தப் பக்கமே சாயும். காற்றில் வளைந்த வயல் மாதிரி இருக்கும். தட்டைத் தினமும் திருப்பி வைத்து நேராக்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் ஓட்டு சாய்ந்த பயிருக்குத்தான்.

இது அக்ரஹாரத்து வழக்கம், மற்றவர்களுக்கு என்ன என்று ஒரு கேள்வி எழலாம். டிசம்பரில் இதே தெருக்களில் நடந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிறிஸ்தவ வீடுகளில் குடில் எழும்பும். பழுப்புத் தாளைக் கசக்கி, மைதாப் பசை தடவி, அட்டைப்பெட்டிமேல் போர்த்தினால் மலை. தட்டில் முளைவிட்ட தானியம் மேய்ச்சல் நிலம். அங்கும் கண்ணாடிதான் குளம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் மாடும் கழுதையும் உயிரோடு நின்றன, வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. பொருள் தானாகவே இருக்கட்டும் என்ற புத்தி அப்போதே தொடங்கிவிட்டது. குடிலில் எனக்கு ஒத்துவராதது பஞ்சுப் பனி ஒன்றுதான். பெத்லகேமிலேயே பனி விழுவது அரிது; வடகிழக்குப் பருவமழையில் ஊறிக்கிடக்கும் குரோம்பேட்டையில் அது எதற்கு என்று தெரியவில்லை.

கடைக்காரரின் ஆட்சேபம் வலுவானது. ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பிளாஸ்டிக் புல் பாய் கிடைக்கிறது, ரெடிமேட் நீரூற்று கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. ஒரு வாரம் முளைக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் வாங்குவதே லாபம். ஒப்புக்கொள்கிறேன். காசு மிச்சம் என்பதே காரணம் என்றால் இந்தக் கலை தோற்றுவிட்டது. பிளாஸ்டிக் புல்லில் எனக்குள்ள குறை வேறு: அது புல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. அதற்கு முன்பிறவி கிடையாது. கண் போய்வர இன்னொரு கரை இல்லை. இதே தராசில்தான் 'கழிவிலிருந்து கலை' என்ற பெயரில் இப்போது நடப்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். காலி பாட்டில்மேல் களிமண் அப்பி, பொன் வர்ணம் பூசி, பாசிமணி ஒட்டி, பாட்டில் இருந்த சுவடே தெரியாமல் அடித்துவிடுகிறார்கள். அதற்கு வாங்கிய பசையும் வர்ணமும் ஒரு பூஜாடியின் விலையைத் தாண்டும். மறைப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்றால் அந்தப் பாட்டிலை எடுத்ததே வீண். அதே பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு மணிபிளான்ட் கொடியை விட்டால், வேர் இறங்குவது கண்ணாடி வழியே தெரியும். பாட்டில் பாட்டிலாகவே இருந்து வேலை செய்கிறது.

சிறுபிள்ளை விளையாட்டுக்கு இத்தனை தத்துவமா என்று கேட்பவர்களும் உண்டு. பூங்காவில் பெஞ்சு யானையைவிடப் பெரிதாக இருக்கிறது, கிருஷ்ணனுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் நிற்கிறார், கோயில் வாசலில் சிமெண்ட் லாரி. அளவு பிசகுதான். ஆனால் அரசனைப் பெரிதாகவும் சேவகனைச் சிறிதாகவும் எழுதிய பழைய சுவரோவியங்களை நாம் பிசகு என்று தள்ளுவதில்லை. கியோட்டோவின் ரியோஆஞ்ஜி கோயிலில் வாரிவிட்ட சரளைப் பரப்பில் 15 கற்களை வைத்திருக்கிறார்கள். அதைக் கடல் என்றும் தீவுகள் என்றும் உலகம் போய்ப் பார்க்கிறது. சரளை கடலாகலாம் என்றால் கண்ணாடி குளமாவதில் என்ன குழந்தைத்தனம்?

நான் முழுதாகப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஒன்பது மாலையும் சுண்டல், தாம்பூலம், வந்தவர்களை உபசரித்தல் என்று பெண்கள் தலையில் விழும் வேலைக்கு ரசனை என்று மெருகு ஏற்றலாமா? கூடாது. அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர வேறு நியாயம் இல்லை. ஆனால் பூங்காவை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஒற்றைப்படையில் படி வேண்டும், மரப்பாச்சி வேண்டும், கலசம் வேண்டும் என்று சொல்கிற எந்தச் சம்பிரதாயமும் பூங்கா வேண்டும் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பல வீடுகளில் பள்ளிப் பிள்ளைகளின் பொறுப்பு அது. பள்ளி விட்டு வந்ததும் மணலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கொலுவிலேயே கட்டாயமில்லாத ஒரே பகுதி என்பதால்தான் அது கலை.

வரும் நவராத்திரிக்குச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மகாளய அமாவாசைக்கு ஆறு நாள் முன்னால் ஒரு பிடி கேழ்வரகை இரவு ஊறவையுங்கள். மறுநாள் ஈர மண்ணில் நெருக்கமாகத் தூவி, மேலே மண்ணை லேசாகத் தெளித்து மூடுங்கள். கடுகை அமாவாசையன்று தூவினால் போதும். கண்ணாடி புதிதாக வாங்காதீர்கள்.