அரிதாரம் கலைகிற நேரம்

நாடகம் வாழ்க்கையின் கண்ணாடி என்று சொல்லிச் சொல்லி நம் விமர்சனம் தேய்ந்துவிட்டது. மதுரைச் சீமையின் ஸ்பெஷல் நாடகங்களை விடிய விடியப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கண்ணாடியில் நம்பிக்கை இல்லை. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. வேறுவேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். வள்ளி திருமணம் பிசகில்லாமல் நடந்தேறுகிறது. பிசகு மேடைக்கு வெளியேதான்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் ஒருகாலத்தில் எமன், சனீஸ்வரன் வேடங்கள் கட்டியவர். அவருடைய எமனைக் கண்ட அதிர்ச்சியில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, அதனாலேயே நடிப்பதை விட்டார் என்பார்கள். கட்டுக்கதையாகவே இருக்கட்டும். அதைச் சொல்லிவருகிறவர்களுக்கு, வேடம் மனிதனை முழுக்க விழுங்கிவிடும் என்பதில் சந்தேகமில்லை.

திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் (1886–1940) விஷயத்தில் இந்த நம்பிக்கை எங்கே போயிற்று? அவர் நாவிதர் குலத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் சாதியைச் சொல்லி மறுத்தார்கள். அவர் கட்டியதோ முருகன் வேடம். கதையோ, தேவசேனாபதி தினைப்புனத்துக் குறப்பெண்ணைத் தேடிவந்து மணப்பது. கதையில் சாதி கடந்த கல்யாணத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சமூகம், வேடத்துக்குள் இருப்பவனின் சாதியை மட்டும் மறக்கவில்லை.

வெள்ளைக்காரன் போலீஸ் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. தினைப்புனத்தில் விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு யாரென்று அதற்குப் புரிந்தது. பாடியது முருகனல்ல, தாஸ் என்றும் புரிந்தது. பலமுறை சிறையில் தள்ளியது.

ஆக, நாடகத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள கோடு மேடையின் விளிம்பில் இல்லை. பார்க்கிறவன் தன் சௌகரியத்துக்கு அதை நகர்த்திக்கொள்கிறான். கலை அந்தக் கோட்டை அழித்துவிடும் என்று எழுதுகிறவர்கள் விடியும்வரை உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், வள்ளி திருமணத்தில் முருகனாக மேடையிலேயே தாஸ் இறந்தார். அரிதாரத்தைக் கலைக்க வேண்டிய அவசியம் அன்று அவருக்கு நேரவில்லை.

மற்றவர்களுக்கு நேர்கிறது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரவு ஒரு பெரியவர் முருகன் வேடக்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்தேன். விடிந்ததும் பம்புசெட்டுத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அதே நடிகரிடம் வந்து அவர் கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு?” சொன்னார். அடுத்த கேள்வி உடனே வந்தது:

“அங்கே எந்தத் தெரு?”