கயிற்றின் மேல்முனையில் நின்றவர்கள்

உண்மைச் சம்பவத்தைப் படமாக்கும்போது பலர் சேர்ந்து செய்ததை ஒருவர் கணக்கில் எழுதிவிடும் ஆசை வரும். 2009 ஏப்ரலில் சோமாலியக் கடற்கொள்ளையர் 'மெர்ஸ்க் அலபாமா' சரக்குக் கப்பலைப் பிடித்தார்கள். 2013-ல் அது 'கேப்டன் பிலிப்ஸ்' ஆனது. டாம் ஹாங்க்ஸ் அசத்தினார். ஆனால் எச்சரிக்கைகளை மீறிக் கப்பலைக் கரைக்கு அருகே செலுத்தியதாக மாலுமிகள் சிலர் நிறுவனத்தின் மீது வழக்கே போட்டிருந்தார்கள். அந்தக் கோபம் திரையில் ஓரமாகப் போய்விட்டது.

நம் கொடைக்கானல் கதையில் இந்தத் தவறு நடக்கவில்லை. 2006-ல் கொச்சி அருகே மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் சுபாஷ், குணா குகையின் ஆழ்குழியில் விழுந்தார். சிஜு டேவிட் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். 2024-ல் சிதம்பரம் இயக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' இறங்கியவரை மட்டும் கொண்டாடவில்லை. இழுத்தவர்களையும் கொண்டாடியது.

முதலில் வரும் கயிறு இழுக்கும் போட்டியைக் கவனியுங்கள். அந்த ஆட்டத்தில் தோள்பலம் இரண்டாம்பட்சம். குதிகால் மண்ணில் பதிய வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், ஒரே குரலுக்கு எல்லோரும் ஒன்றாகப் பின்சாய வேண்டும். குகை வாயில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உடல்களின் எடை, பாறை விளிம்பில் கயிறு உரசும் தடை, மழை, வழுக்கும் சேறு. ஒருவர் தாளம் தப்பினாலும் கீழே தொங்கும் இருவர்தான் அடிபடுவார்கள். ஷைஜு காலித்தின் கேமரா முகங்களோடு கைகளையும் கால்களையும் பிடித்து வைத்திருப்பதால், அந்த இழுப்பின் கனம் நம்மேலும் ஏறுகிறது.

சிஜுவாக நடிக்கும் சௌபின் சாஹிர் வீரனாக இறங்குவதில்லை, பயந்துகொண்டே இறங்குகிறார். அதுதான் சரியான நடிப்பு. சுபாஷாக நடிக்கும் ஸ்ரீநாத் பாசி, மீட்கப்பட்ட பிறகும் மீளாத கண்களோடு இருக்கிறார். சிறுவயதுக் காட்சிகள் மட்டும் ஓரிரு இடங்களில் பதற்றத்தைத் தளர்த்துகின்றன.

நண்பர்களைப் போலீஸ் அடித்ததையும் குழிக்குள் இறங்க மற்றவர்கள் தயங்கியதையும் படம் மறைக்கவில்லை. உயிர் மீட்டவர்கள் பேட்டிகளில் சொன்னதும் அதுவே. நம் ஊரைக் குறை சொன்ன இந்தப் படத்துக்குத் தமிழகத்தில் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் கொடுத்தோம். எந்த மலையாளப் படத்துக்கும் அதுவரை இங்கே கிடைக்காத வரவேற்பு அது.

சிஜுவுக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. உண்மைக்கு நெருக்கம் என்று பார்த்தால் என் மதிப்பெண்ணில் கேப்டன் பிலிப்ஸைவிட இந்தப் படமே மேலே.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் கண்ட குழியின் உட்புறம் பெரும்பாவூரில் அஜயன் சாலிசேரி போட்ட செட். நிஜக் குழிக்கு வேலி போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தாண்டாதீர்கள்.