கந்தோரும் குடிமையும்

மொழித் தூய்மை பற்றிய விவாதம் நம்மிடையே எழும்போதெல்லாம் குற்றவாளிகளாக முதலில் நிறுத்தப்படுவன சில எளிய சொற்களே. அலுமாரி, சப்பாத்து, வாங்கு, பாண் ஆகியன போர்த்துக்கேயரிடமிருந்தும், கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்தும் வந்தவை. மாணவனின் கட்டுரையில் இவற்றுளொன்று தென்பட்டால் ஆசிரியரின் சிவப்பு மை அதன்மீது பாய்கின்றது. தமிழைக் காத்துவிட்டோமென்ற மனநிறைவும் உண்டாகின்றது. அம்மனநிறைவுக்கு அடிப்படை உண்டா என்பதே நாம் எழுப்பும் வினா.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றினர். அவர்தம் பண்டங்களும் பதிவேடுகளும் நம்மிடையே புகுந்தபோது அவற்றின் பெயர்களும் உடன் புகுந்தன. அந்நிய ஒலிகளைத் தேய்த்துத் தமிழ் நாவுக்கு இசைவாக்கியோர், அப்பண்டங்களைச் செய்தும் சுமந்தும் விற்றும் வாழ்ந்த சாதாரண மக்கள். இலக்கணமும் இதற்குப் பகையன்று. வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்க இசைந்த தொல்காப்பியர், திசைச்சொல்லுக்குச் செய்யுளிலேயே இடமளித்தார்.

இரவற் சொற்கள் யாவும் ஒரு தன்மையன என்று நாம் கூறவில்லை. தோம்பு என்பது நிலவுடைமையைப் பதிந்த ஏட்டின் பெயர். வரி கொள்வதற்கு ஆட்சியாளர் கையாண்ட கருவி. எனினும் அச்சொல்லைத் துரத்துவதால் அவ்வரலாறு மறையாது. அதன் சான்றொன்றே மறையும்.

இனி, தூய்மைவாதிகள் தொடாத சொற்களைப் பார்ப்போம். அடிமை, குடிமை என்பன கலப்பற்ற தமிழ்ச் சொற்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அந்நியன் எழுதுவித்த அந்நூலை நம்மவரான முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயின், பிறப்பினால் விதிக்கப்பட்ட ஊழியமாகிய குடிமை, சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி ஊர்களில் நீண்டகாலம் நிலைத்தது. கந்தோரைக் கண்டு முகஞ்சுளித்த பண்டிதர் எத்தனைபேர் குடிமையைக் கண்டு முகஞ்சுளித்தனர்? எழுத்துக்கு எழுத்து தமிழாயிருந்த அச்சொல்லில் அவர்களுக்குக் கறையேதும் தெரியவில்லை.

1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியோரின் படைப்புகளை 'இழிசனர் இலக்கியம்' என்று பழித்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. மொழியின் பெயரால் அங்கே காக்கப்பட்டது மொழியன்று. யார் பேசலாம், யார் எழுதலாம் என்ற பழைய ஒழுங்கே.

புதிய அறிவியலைத் தமிழிற் கற்பிக்கக் கலைச்சொல் ஆக்குவது வேறு. அது வளர்ச்சி, அதனை நாம் வரவேற்கின்றோம். வழக்கிலுள்ள சொல்லைச் சொன்னவனைத் தாழ்த்துவதற்காக வெட்டுவது வேறு, அது வளர்ச்சியன்று.

இன்று 'குடிமை உரிமை' என்று எழுதுகின்றோம். ஊழியத்தைக் குறித்த சொல் உரிமையோடு சேர்ந்து நிற்கின்றது. ஆயின் அவ்வுரிமையை எந்த அகராதியும் ஈந்ததில்லை. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற் கதவு திறக்கக் கோரி நின்றோர் போன்றவர்களின் போராட்டமே ஈந்தது. சொல்லைக் கழுவுவது எளிது. அது சுட்டும் வாழ்வை மாற்றுவதே அரிது. சிவப்பு மையை எடுக்கும் ஆசிரியர்களும், அதற்கு அஞ்சி எழுதும் மாணவர்களும் இவ்வேறுபாட்டை மனங்கொள்வார்களாக.