முப்பது செக்கன் சோதனையும் மாற்றுத்திறன் மெய்வல்லுநரும்

ஓட்டம் தொடங்கிய முதற் சில செக்கன்களில் தசைக்கு வேண்டிய சக்தியை ஒட்சிசன் வந்து கொடுப்பதில்லை. தசையில் முன்னரே சேர்ந்துள்ள கிரியாற்றீன் பொசுபேற்றும், வெல்லம் காற்றின்றிச் சிதைந்து இலற்றிக்கமிலமாகும் செயலுமே அப்பொழுது கைகொடுக்கின்றன. இவ்வாறு பெறப்படும் வலுவே காற்றின்றிய வலு எனப்படும். ஈட்டியெறிதல், குறுந்தூர ஓட்டம், சக்கரநாற்காலிக் கூடைப்பந்து முதலியன பெரிதும் இதனையே பற்றி நிற்பன. ஆதலின் இதனை அளக்கும் கோல் நேரியதோ கோணியதோ என வினவுதல் வீண்வேலையன்று.

அக்கோல்களுட் பெயர்பெற்றது உவிங்கேற்றுச் சோதனை. இசுரவேலிலுள்ள உவிங்கேற்று நிலையத்தார் 1974 இல் இதனை வெளியிட்டனர். நிலையாக நிறுத்திய துவிச்சக்கரவண்டியை 30 செக்கன் முழுவலிமையோடும் மிதித்தல் வேண்டும். கால் இயலாதார் கையாற் சுழற்றலாம். மிதிப்போர்க்குரிய தடைச்சுமை உடல்நிறையில் கிலோகிராமுக்கு 75 கிராம் என முதலிற் கொள்ளப்பட்டது. பெற்ற வலுவும் உடல்நிறையால் வகுக்கப்பட்டே ஒருவரோடொருவர் ஒப்பிடப்படுகின்றது.

குற்றம் புகுவது இவ்வகுத்தலிலேயாம். 75 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் கையாற் சுழற்றி 400 உவாற்று பெறுகின்றார் என்க. கிலோகிராமுக்கு 5.3 உவாற்று ஆகும். அதே கைவலிமையுடைய மற்றொருவர் ஒரு காலை இழந்தமையால் 63 கிலோகிராமே நிறையுடையர், அவர்க்கு 6.3 உவாற்று வருகின்றது. கைகள் ஒன்றே, வலு ஒன்றே. ஏட்டில் மட்டும் ஒருவர் மற்றவரை வென்றுவிடுகின்றார்! உடல்நிறை முழுவதும் தொழில் செய்யும் தசை என்னும் எண்ணம் முழு உறுப்பினர்க்கே ஒருவாறு பொருந்துவது.

பொறியும் ஆளுக்கேற்ப அமைவதில்லை. தினேஷ் பிரியந்த ஹேரத், 2021 இல் தோக்கியோவில் நடந்த பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, உலக சாதனையோடு இலங்கையின் முதற் பராலிம்பிக் தங்கத்தை வென்றவர். அவர் போட்டியிட்டது கைக்குறையுடையோர்க்குரிய பிரிவு. இரு கைகளாலும் சுழற்ற வேண்டிய பொறியில் அத்தகைய வீரர் ஒருவரை இருத்தினால் அது அவரைக் குறைவாகவே மதிப்பிடும். மிதிக்கச் செய்தாலோ கால்களின் வலு தெரியும். எறியும் தோளின் வலு தெரியாது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. போரும் இதனை விட்டுவைக்கவில்லை. உறுப்புக் குறையுற்ற இளைஞர் மைதானத்துக்கு வரும்போது அவரைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் கையிலிருப்பது பெரும்பாலும் நிறுத்தற்கடிகாரமும் அளவுநாடாவுமே.

அவ்விரண்டும் போதுமான சோதனையொன்று உண்டு. நெதர்லாந்தின் வெர்சூரன் முதலியோர், பெருமூளை வாதமுற்றும் நடக்கவல்ல சிறுவர்க்கென 2007 இல் வெளியிட்டது. 15 மீற்றரை ஆறு முறை ஓடுதல். இடையிடையே 10 செக்கன் ஓய்வு. நிறையைத் தூரத்தின் வர்க்கத்தாற் பெருக்கி, நேரத்தின் கனத்தால் வகுக்க வலு கிடைக்கும். பின்னர் இது சக்கரநாற்காலியில் இயங்கும் சிறுவர்க்கும் பயன்படுத்தப்பட்டது. எளிமையிலும் சிக்கனத்திலும் இதனைப் பாராட்டாதிருத்தல் இயலாது. எனினும் நேரத்தைக் கனமாக்குவதால் கைப்பிழையும் பெருகுகின்றது. 60 கிலோகிராம் நிறையுள்ளவர் 3.0 செக்கனில் ஓடினால் 500 உவாற்று. கடிகாரத்தை அழுத்தும் விரல் பத்திலொரு செக்கன் பிந்தினால் 453 உவாற்று.

இதனினும் பெரிய குறை நிலத்தைப் பற்றியது. அச்சமன்பாடு நிறையை ஆர்முடுக்கும் வலுவை மட்டுமே கணிக்கும். சக்கரம் உருளும்போது நிலம் தரும் தடையை அறியாது. கல்முனைக் கரையோரமோ மணற்பாங்கானது. செயற்கை ஓடுதளத்தில் தள்ளுபவரும் இளகிய மண்ணில் தள்ளுபவரும் ஒரே கோலால் அளக்கப்பட்டால், மண்ணின் குற்றம் இளைஞன்மேல் எழுதப்படும்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 70 கிலோகிராம். 15 மீற்றரை 5 செக்கனிற் கடந்தால் சமன்பாடு தரும் வலு 126 உவாற்று. இனி, அவரை உருளவிட்டுக் கையெடுக்கச் செய்க. 8 செக்கனில் 8 மீற்றர் உருண்டு நின்றால், தூரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க, வேகம் செக்கனுக்குச் செக்கன் 0.25 மீற்றர் வீதம் குறைந்தமை புலனாகும். அதனை நிறையாற் பெருக்க நிலத்தின் தடை 17.5 நியூற்றன், செக்கனுக்கு 3 மீற்றர் என்னும் சராசரி வேகத்தில் அத்தடைக்கு இரையானது 52 உவாற்றுக்கு மேல். அதே வேகத்தில் தொடங்கி 40 மீற்றர் உருளத்தக்க நல்ல தளத்தில் இவ்விழப்பு ஏறத்தாழ 10 உவாற்றே. தேர்வுப் பட்டியலிற் பெயருக்கு நேரே ஓட்ட நேரத்தை எழுதும் ஆசிரியர், உருண்ட தூரத்தையும் நின்ற நேரத்தையும் அடுத்த இரு நிரல்களில் எழுதிக்கொள்ளலாம்.