நல்ல பற்றீரியா, யாருக்கு நல்லது?

வவுனியாத் தோட்டத்தில் ஆய்ந்த ரெட் லேடி பப்பாசி லொறியில் ஏறும்போது மஞ்சள் கோடு விழுந்த நல்ல காய்தான். பழுக்கத் தொடங்கியதும் தோலில் ஊசிமுனை அளவில் நீர் ஊறிய பொட்டுக் காணும். பிறகு அது குழிந்து, நடுவில் செம்மஞ்சளாய்ப் பூசண வித்துகள் கசியும். இதுதான் அந்திரக்னோஸ் என்னும் பூசண நோய்.

நல்ல பற்றீரியா கலந்த நீரில் பழத்தை முக்கி இதைத் தடுக்கலாம் என்கிறார்கள். வெறும் பேச்சல்ல இது. 1984இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பியூசியும் வில்சனும் பசிலஸ் சப்டிலிஸ் என்ற பற்றீரியாவால் பீச் அழுகலைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் டி கொஸ்தா குழுவினர் 2005இல் வாழைப்பழ அழுகலுக்கு எதிராக ஒரு பற்றீரியாவை முன்வைத்தார்கள். அழுகலை அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் அது பர்க்கோல்டேரியா செபாசியா கூட்டத்தைச் சேர்ந்தது. நுரையீரல் நோயுள்ளவர்களை, குறிப்பாக சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயாளரை, கடுமையாகத் தாக்கும் கிருமிகள் அக்கூட்டத்தில் உண்டு. பப்பாசியைச் சமைக்காமல் தின்கிறோம். முக்கும் தொட்டியருகே நாள் முழுக்க நிற்பவரும் மனிதர்தான். ஆகவே அந்த இனத்தை நான் ஏற்கமாட்டேன்.

பசிலஸின் கதை வேறு. வெயிலும் வறட்சியும் தாங்கும் வித்தாக அது உறங்கும். குளிரறை அரிதான வன்னிக்கு இது பெரிய அனுகூலம். காயத்தில் கசியும் சத்தைப் பூசணத்துக்கு முந்தி உண்ணும். அது சுரக்கும் இற்றியூரின் என்ற பொருள் பூசணத்தின் மென்சவ்வை ஓட்டையாக்கும்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைச் சிலர் பேசாமலே விடுகிறார்கள். அந்திரக்னோஸ் பூசணம் பெரும்பாலும் சந்தையில் தொற்றுவதில்லை. காய் பச்சையாய் மரத்தில் தொங்கும்போதே தோலுக்குள் முளைக்குச்சி இறக்கிப் பதுங்கிவிடும். ஆய்ந்தபின் மேலே பூசும் பற்றீரியாவுக்கு உள்ளே கிடப்பது எட்டாது. வெந்நீரில் முக்கினால்தான் அந்தச் சூடு ஓரளவு அங்கே போகும். அதற்கும் பாகையும் நிமிடமும் தவறக்கூடாது, தவறினால் தோல் வெந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: பசிலஸ் வேண்டும், ஆனால் தனியாக அல்ல. காய்ப்பருவத்திலேயே தெளித்து, ஆய்ந்ததும் வெந்நீர் காட்டி, ஆறியபின் பூசவேண்டும். காம்பு கீறாமல் ஆய்வதற்கும், கடதாசி சுற்றி அடுக்குவதற்கும் பதிலாகப் பசிலஸை விற்க வருபவரை நம்பக்கூடாது. மானியத்தில் பசிலஸ் போத்தல் பகிர வருபவர்கள், அதற்கு முன் ஒரே தோட்டத்துப் பழத்தில் பாதியைப் பசிலஸ் நீரிலும் பாதியை வெறும் நீரிலும் முக்கி, ஒரே லொறியில் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்பி, ஐந்தாம் நாள் அழுகலை எண்ணிக் காட்டட்டும்.