அல்பிறிஸ்ரன் குருமனை: ஒரு நோக்கு

இடைக்கால இங்கிலாந்தின் கட்டடக்கலையை ஆராய்வோர் பேராலயங்களையும் கோட்டைகளையுமே பெரிதும் பேசுவர். அவற்றின் நெடுங்கோபுரங்கள் முன்னே, சிற்றூர்க் குருவானவர் உறைந்த மனை கண்ணிற் படாது போதல் இயல்பே. ஆயினும், ஒரு சமுதாயத்திலே குருமார் எந்நிலையில் வாழ்ந்தனர் என்பதை அறிய விழைவோர், அவர் பூசித்த ஆலயத்தைக் காட்டிலும் அவர் உண்டுறங்கிய வீட்டையே நோக்குதல் வேண்டும். சசெக்ஸிலே கக்மியர் ஆற்றின் அருகே, அல்பிறிஸ்ரன் என்னும் ஊரிலுள்ள குருமனை இதற்குத் தக்க சான்றாகும்.

இம்மனை 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அயலிலே சிலுவை வடிவில் தீக்கல்லாற் கட்டப்பட்ட பெரிய தேவாலயம் நிற்க, இதுவோ கருவாலி மரச்சட்டங்களும், அவற்றினிடையே வரிச்சுக் கட்டிப் பூசிய மண்சுவரும், வேய்ந்த கூரையுமாய் அடங்கி நிற்கின்றது. தென்கிழக்கு இங்கிலாந்திற் பெருவழக்காயிருந்த ‘வீல்டன்’ மனை வகையினது இது. நடுவே கூரைவரை திறந்த கூடம். இரு பக்கத்தும் மாடி கொண்ட அறைகள். பக்கத்து மாடிகள் முன்னோக்கிப் பிதுங்க, நடுக்கூடத்துச் சுவர் உள்வாங்கி நிற்கும். எனினும் கூரை ஒன்றே. உள்வாங்கிய பகுதியின் மேல் நீளும் இறப்பை வளைந்த கைமரங்கள் தாங்கும். இத்தகைய மனைகளின் கூடத்து நடுவிலே தீ எரியும், புகைபோக்கி இல்லை, புகை மேலெழுந்து கூரைவழியே கசியும். ஆணியை நம்பாது, பொருத்தும் மரமுளையும் கொண்டே தச்சர் இச்சட்டகத்தை இணைத்தனர். சுண்ணக்கல்லை இடித்து இறுக்கிப் புளித்த பாலால் மெழுகிய கூடத்துத் தரையும் குறிப்பிடத்தக்கது.

இவ்வமைப்பில் குருத்துவத்துக்கே உரிய அடையாளம் யாது? ஒன்றுமில்லை என்பதே விடை. வசதியுள்ள உழவன் வீட்டிற்கும் இதற்கும் வேறுபாடு காண்டலரிது. இதனைக் குறையெனக் கொள்வோர் அக்காலத்து ஊர்க் குருவின் வாழ்க்கையை உணராதவராவர். விளைவிற் பத்திலொன்றாகிய காணிக்கையும், ஆலயத்துக்குரிய நிலமுமே அவர்தம் சீவனத்துக்கு ஆதாரம். தானியத்தையும் கம்பளியையும் கணக்கிட்டு வாங்கியவர், தம் நிலத்தை உழுதும் உழுவித்தும் வாழ்ந்தவர், உழவன் மனையில் வாழ்ந்ததில் வியப்பென்ன? வெல்ஸ் நகரத்தில் பேராலயப் பாடகக் குருமாருக்காக 1348இல் ஆயர் றால்ஃப் நிறுவிய கல்மனை வரிசையோடு இதனை ஒப்பிடுக. ஆங்கு நிரல்பட நிற்கும் வீடுகள் ஒழுக்கக் கட்டுப்பாட்டைப் பறைசாற்றுகின்றன. ஈண்டோ குரு ஊராருள் ஒருவர்.

பிற்காலத்தில் இம்மனை கூலித்தொழிலாளரின் குடியிருப்பாகிப் பாழடைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்படும் நிலையையும் எய்திற்று. அவ்வூர்க் குருவானவர் பெய்னன், வில்லியம் மொறிஸ் 1877இல் தோற்றுவித்த பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நாடினார். ஈற்றில், ஒக்ரேவியா ஹில் முதலியோர் 1895இல் நிறுவிய நஷனல் டிறஸ்ற் என்னும் கழகம் 1896இல் 10 பவுணுக்கு இதனை வாங்கியது. அக்கழகம் விலைகொடுத்துப் பெற்ற முதற் கட்டடம் இதுவே. அரண்மனையொன்றைத் தேடாது இச்சிறு மனையிலே தொடங்கியமை அவர்தம் மதிநுட்பத்தைக் காட்டும். மொறிஸ் மறைந்ததும் அதே ஆண்டிலேயாம்.

கட்டடக்கலைஞர் அல்பிறட் பவல் பழுதுபார்த்தார். ‘புதுப்பித்தல் வேண்டா, பழுதுபார்த்தலே போதும்’ என்பது மொறிஸ் வழியினரின் கொள்கை. சிதைந்த மரத்தை மட்டும் மாற்றி, ஏனையவற்றை உள்ளவாறே விடுவதே அதன் சாரம். கொள்கை நன்றே. ஆயினும் இன்று அக்கூடத்தைக் காண்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் கூடும். புகையில்லை, கரியில்லை, தானியக் குவியலில்லை; கழுவித் துடைத்த அழகே எஞ்சியுள்ளது. இத்துணைத் தூய கூடத்தில் எந்த இடைக்காலக் குருவும் வாழ்ந்திரார். அன்றியும், குருமனை என்னும் பெயர் நிலைத்துவிட, நெடுங்காலம் அதே கூரையின் கீழ் வறுமையுற்று வாழ்ந்த தொழிலாளர் பெயரின்றி ஒதுங்கிவிட்டனர். மனை இடிந்து விழாது 1896வரை நின்றதற்கு அவர்கள் அங்கு அடுப்பு மூட்டி வாழ்ந்ததும் ஒரு காரணமன்றோ?