முத்தகமும் தொடர்நிலையும்: லிண்டு வார்டின் மரச்செதுக்குக் கதைகள்

ஓவியப் பள்ளியில் அச்சுப்படம் பயிலும் மாணவனது ஓராண்டு உழைப்பு பெரும்பாலும் ஓர் உறையில் அடங்கிவிடுகின்றது. கட்டையைச் செதுக்கி மையேற்றித் தாளில் ஒற்றிய படங்கள் சில. கதைக்கோ பாட்டுக்கோ வரைந்த விளக்கப்படங்கள் சில. ஆசிரியர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கி, உளியின் செம்மையையும் கருமை வெண்மைகளின் நிறையையும் உருவங்களின் அமைதியையும் ஆய்ந்து மதிப்பெண் இடுகின்றார். அவ்வளவில் அப்படங்களின் வாழ்வு முடிந்துவிடுகின்றது. இலக்கியத் திறனாய்வாளர் அவ்வுறையைத் திறந்து பார்ப்பதில்லை. கதையைப் படத்தால் உரைக்கும் முயற்சியும் இலக்கியத்தின் எல்லைக்குள் அடங்குவதே ஆதலின், இப்புறக்கணிப்புத் தக்கதன்று என யாம் கருதுகின்றோம். ஈண்டு, ஒரு மாணவர் வகுப்பிற் கற்ற தொழில் நூலாக வளர்ந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு, அந்நூலின் சிறப்பும் குறையும் எங்கிருந்து பிறந்தன என ஆராய்வோம்.

அம்மாணவர் அமெரிக்கரான லிண்டு வார்டு (1905–1985). சிக்காகோவிற் பிறந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் நுண்கலை பயின்று 1926-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே எழுத்தாளர் மே மெக்நீரை மணந்து, அவருடன் ஐரோப்பா சென்றார். செருமனியின் நூல்வாணிகத்திற்குப் பெயர்பெற்ற லைப்சிக் நகரில், 1764-இல் தோன்றிய ஓவியப் பள்ளியின் வழிவந்த அச்சுக்கலை, நூற்கலைக் கழகத்தில் ஓராண்டு பயின்றார். ஆங்கு அவருக்கு மரச்செதுக்குக் கற்பித்தவர் ஆன்சு அலெக்சாண்டர் முல்லர். வார்டின் பெயரை ஆங்கில எழுத்துகளிற் பின்னிருந்து படிப்பின், ‘வரைக’ எனப் பொருள்படும் சொல் அமையும். இளமையிலேயே இதனைக் கண்டு தாம் ஓவியராதல் வேண்டும் எனத் துணிந்தார் என்பர். இடம் வலமாகப் புரட்டி எண்ணினாலன்றி ஒரு கோடும் இழுக்கவொண்ணாத தொழிலை மேற்கொண்டவருக்கு இச்செய்தி பொருத்தமாகவே உள்ளது.

அத்தொழிலின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மரத்தில் அச்சுப்படம் செய்யும் முறை இரண்டு. நார் ஓடும் வாக்கில் நெடுக்கே அறுத்த பலகையைக் கத்தியாலும் உளியாலும் வெட்டுவது ஒன்று. பாக்சு மரம் போன்ற செறிந்த மரத்தைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாக்கிய முகத்தில் நுண்ணுளியால் கீறுவது மற்றொன்று. முன்னது தொன்மையானது; பின்னதை இங்கிலாந்தில் தாமசு பியூயிக்கு (1753–1828) உயர்நிலைக்குக் கொணர்ந்தார். குறுக்கே அறுத்த முகத்தில் நாரின் தடை இல்லாமையால், மயிரிழை போன்ற கோடுகளையும் எத்திசையிலும் இழுக்கலாம். செதுக்கிய இடம் தாளில் வெண்மையாகவும், செதுக்காது விட்ட இடம் கருமையாகவும் பதியும். ஆகவே, செதுக்குவோன் இருளிலிருந்து தொடங்குகின்றான். அவன் உளி இடுவதெல்லாம் ஒளியே. காகிதத்தில் எழுதுகோல் கொண்டு வரைவோன் செய்வதற்கு இது நேர்மாறானது. ஒருமுறை கீறியதை மீண்டும் ஒட்ட இயலாது. இருளில் எதனை விளக்கிக் காட்டுவது, எதனை இருளிலேயே விடுவது என்னும் தெரிவு ஒவ்வொரு கீற்றிலும் நிகழ்கின்றது. பாட்டிற்கு உரை வகுப்போன் செய்வதும் இதனை ஒத்ததே; எச்சொல்லுக்கு விளக்கம் எழுதுகின்றான், எதனை எளிதெனக் கடந்து செல்கின்றான் என்பவற்றைக் கொண்டே அவனது உள்ளத்தை அறிகின்றோம்.

லைப்சிக்கில் வார்டின் கைக்கு ஒரு நூல் எட்டியது. பெல்சிய நாட்டு ஓவியர் பிரான்சு மசெரீல் (1889–1972) இயற்றி 1919-இல் வெளிவந்த ‘கதிரவன்’ என்னும் அந்நூலில் 63 மரவெட்டுப் படங்கள் உள்ளன. கதை கூறும் சொல் ஒன்றும் இல்லை. மேசைமீது அயர்ந்துறங்கும் ஓவியன் ஒருவனிடமிருந்து சிற்றுருவம் ஒன்று வெளிப்பட்டு ஞாயிற்றை நோக்கி ஓடுகின்றது. உயர்ந்தவற்றின் மீதெல்லாம் ஏறி முயல்கின்றது. இறுதியில் ஞாயிற்றை எட்டி எரிந்து வீழ்கின்றது. மசெரீலின் படங்கள் பலகையில் முரட்டுத்தனமாக வெட்டப்பெற்றவை. அவற்றுள் ஒன்றைத் தனித்தெடுத்து ஓவிய ஆசிரியர்முன் வைப்பின், சிறு மதிப்பெண்ணே கிடைக்கும். 63-ஐயும் வரிசையாகப் புரட்டுவோனோ நூலைக் கீழே வையான். இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொள்க. இக்கட்டுரையின் கருத்து இதன்மேலேயே நிற்கின்றது.

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகையாகப் பகுக்கும். தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டாய் வந்து ஒருவினை கொண்டு முடிவது குளகம். தனிப்பாட்டுகளை ஒரு முறைபற்றித் திரட்டியது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. செய்யுளுக்கு வகுத்த இப்பகுப்பு, சொல்லின்றிக் கதை கூறும் படவரிசையை அளப்பதற்கும் பயன்படுகின்றது. மாணவனது உறை தொகைநிலை. அதனுள் ஒவ்வொரு படமும் முத்தகம். வகுப்பறை அவனுக்குக் கற்பிப்பது முத்தகம் இயற்றும் ஆற்றலையே. தொடர்நிலைக்கு வேண்டிய ஆற்றல் வேறு. ஆங்கு ஒரு படம் தன்னளவில் நிரம்பிவிடின், அடுத்த படத்திற்குச் செல்லுமாறு படிப்போனைத் தூண்டாது. நிரம்பாமையும் ஒரு திறனே.

வார்டு 1927-இல் நாடு திரும்பினார். தாமே ஒரு படக்கதை செதுக்கத் தொடங்கி, 1929 மார்ச்சில் முதல் முப்பது கட்டைகளைப் பதிப்பாளர் ஆரிசன் சுமித்திடம் காட்டினார். கோடை இறுதிக்குள் முடிப்பின் தம் பதிப்பகத்தின் முதற்பட்டியலில் தலையாய நூலாக வெளியிடுவதாக அவர் கூறினார். எஞ்சிய நூற்றுக்கு மேற்பட்ட கட்டைகளைச் சில திங்களில் செதுக்க வேண்டிய நெருக்கடி ஓர் இளைஞரின் கையில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 139 படங்கள் கொண்ட ‘தேவர்களின் மனிதன்’ 1929 அக்டோபரில், நியூயார்க்குப் பங்குச்சந்தை வீழ்ந்த வாரத்தில் வெளிவந்தது. அக்கொடிய காலத்திலும் நான்காண்டில் இருபதினாயிரம் படிகளுக்கு மேல் விற்றது. (தலைப்பிலுள்ளது ‘தேவர்கள்’ எனும் பன்மை. ஆங்கிலத்தில் ஒரு சிறு குறியின் இடம் மாற, ஒரே கடவுளின் மனிதனாகப் பலர் அச்சிட்டுவிடுகின்றனர். கதையின் சமயச்சார்பே அதனால் மாறிவிடுகின்றது என்பதை அவர்கள் எண்ணினாரல்லர்.)

கதை பழைமையானது. புயற்கடலில் படகேறி வந்த ஓவியன் ஒருவன் பெருநகரை அடைகின்றான். முகமூடி அணிந்த ஒருவன், முன்னைப் பெருங்கலைஞர் கையாண்ட மந்திரத் தூரிகையை ஓர் ஒப்பந்தத்திற்கு ஈடாக அவனுக்கு அளிக்கின்றான். புகழும் பொருளும் காதலியும் வந்து சேர்கின்றனர். அவளது தோளில் அமெரிக்க நாணயக்குறி சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருத்தலை ஓவியன் ஒருநாள் காண்கின்றான். மனம் நொந்து நகரில் அலைந்து, சிறைப்பட்டு, தப்பி, மக்கள் துரத்த ஓடி, பள்ளத்தில் வீழ்கின்றான். காட்டில் வாழும் பெண்ணொருத்தி அவனைப் பேணுகின்றாள்; மனையறமும் மகவும் அமைகின்றன. முகமூடியான் மீண்டும் வந்து, தன் உருவத்தை வரையுமாறு அழைக்கின்றான். மலையுச்சியில் முகமூடி நீங்க, உள்ளே இருப்பது மண்டையோடு. ஓவியன் வீழ்ந்து மடிகின்றான்.

இந்நூலைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதனைப் பிற்காலப் பட நெடுங்கதைகளுக்கு மூதாதை எனப் போற்றுவர். 2010-இல் அமெரிக்க நூலக வரிசையில் ஆர்ட்டு சுபீகல்மன் பதிப்பாசிரியராக இருந்து வார்டின் ஆறு கதைகளையும் இரு தொகுதிகளாக வெளியிட்டமை இப்போற்றுதலுக்கு முடிசூட்டியது. மற்றொரு சாரார் இதன் மிகையுணர்ச்சியை எள்ளுவர். சூசன் சோன்டாகு 1964-இல், மிகையையே சுவையாகக் கொள்ளும் இரசனை குறித்து எழுதிய கட்டுரையில், அதற்கு எடுத்துக்காட்டாகக் குறித்தவற்றுள் இந்நூலும் ஒன்று. மூதாதை என்பது கால முறைபற்றிய செய்தி. அது நூலின் தரத்தைக் காட்டாது. மிகை என்பது குறையின் பெயர். அது குறையின் காரணத்தைக் காட்டாது. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

காரணம் வகுப்பறையில் உள்ளது என்பதே எம் துணிபு. ‘தேவர்களின் மனிதன்’ நூலின் பல படங்கள் முத்தகமாகவே செதுக்கப்பெற்றவை. விண்ணளாவும் கட்டடங்கள், அவற்றின் பின்னிருந்து விசிறிபோல் விரியும் ஒளிக்கதிர், அதன்முன் தலை நிமிர்த்தியோ கை விரித்தோ நிற்கும் மெலிந்த உருவம்: இவ்வமைப்பு நூலெங்கும் மீண்டும் மீண்டும் வருகின்றது. கதிர்போல் விரியும் நேர்கோடு நுண்ணுளிக்கு எளிதாகவும் அழகாகவும் வருவது. வகுப்பிற் கற்றதை ஒளித்துவைக்க மாணவனால் இயல்வதில்லை. மெய்ப்பாடு ஒவ்வொரு படத்திலும் தன் உச்சத்தில் நிற்கின்றது. அழுகையும் அச்சமும் படிப்படியாக வளராமல், வரும்போதே முழுமையாக வருகின்றன. மனையறப் பகுதியில் இக்குறை மிகுதி. ஆங்கு உவகை ஒன்றே உள்ளமையாலும், நிகழ்ச்சி குறைவாதலாலும், ஒரு படம் கூறியதையே அடுத்த படமும் கூறுகின்றது. நீக்கினும் கதை கெடாத படங்கள் அப்பகுதியிற் சில உள.

சூட்டுக்குறிப் பகுதி இதற்கு முற்றிலும் மாறானது. தோளில் குறியைக் கண்ட பின்னர் ஓவியன் நகரில் அலையும் படங்களைத் தனித்தனியே எடுத்து நோக்கின், தெருவும் கூட்டமும் வெருண்ட முகமுமே தெரியும். முன்னர்க் கண்ட குறியை நினைவிற் கொண்டு நோக்குவோனுக்கு, வாங்குவாரும் விற்பாரும் நிறைந்த அந்நகரமே சூடிடப்பட்டதாகத் தோன்றுகின்றது. இப்படங்கள் தம்முள் ஒன்றும் முடியவில்லை. யாவும் சேர்ந்து ஒரு முடிபு கொள்கின்றன. இது குளகம். வகுப்பறை கற்பியாததை மசெரீல் கற்பித்தார் என்பதற்கு இப்பகுதி சான்று. நூலில் யாம் மிக உயர்வாக மதிப்பதும் இதுவே.

இன்னொன்றும் கருதத்தக்கது. இந்நூலின் படங்களுக்குச் சொல் இல்லை எனினும், ஐந்து பகுதிகளுக்கும் தலைப்புகள் உள்ளன: தூரிகை, காதலி, சூடு, மனைவி, உருவப்படம். அகப்பாட்டின் அடியிலுள்ள கூற்றுக் குறிப்பை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் படிப்பின், பேசுவோர் யாவர், கேட்போர் யாவர் என மயங்குவோம் அல்லவா? அக்குறிப்புச் செய்யும் பணியை இத்தலைப்புகளிடம் எதிர்பார்க்கின்றோம். ஆயின் அவை படத்திலேயே விளங்கக் கிடக்கும் பொருளைப் பெயரிட்டுக் காட்டுகின்றனவேயன்றி, படம் காட்டவியலாத காலத்தையோ உறவையோ உரைக்கவில்லை. காட்டில் ஓவியன் வாழ்ந்தது எத்துணை ஆண்டு? மகவின் வளர்ச்சி கொண்டு ஒருவாறு உய்த்துணரலாம், அவ்வளவே.

பின்னைய நூல்களில் வார்டு இவ்விடர்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டமை தெளிவு. 1932-இல் வெளிவந்த ‘காட்டு யாத்திரை’யில், ஆலையை விட்டு நீங்கும் தொழிலாளி ஒருவனின் புறவாழ்வு கருமையிலும், அவன் உள்ளத்தில் எழும் விருப்பமும் கனவும் செம்மஞ்சள் சார்ந்த மையிலும் அச்சாகியுள்ளன. மை மாறுமிடத்தில் படிப்போன் புறத்திலிருந்து அகத்திற்குள் புகுகின்றான்; மீண்டும் கருமை வருங்கால் வெளியேறுகின்றான். ஒரு செம்படத்தைத் தனியே பிரித்தெடுத்துச் சுவரில் மாட்டுவோமாயின், அச்செம்மைக்குப் பொருளே இல்லை. முத்தகத்தின் பிடியிலிருந்து வார்டு விடுபட்டது இந்நூலிலேதான் எனலாம். செதுக்குத் தொழிலில் எதனையும் புதிதாகச் செய்யாமல், அச்சுப்பொறியில் மையை மாற்றிய அளவிலேயே இது நிகழ்ந்தமை வியப்புக்குரியது.

அச்சுப்பட வகுப்பையும் விளக்கப்பட வகுப்பையும் நடத்துவோர் இதனைக் கருதுதல் நலம். ஒரு கதையைப் பத்துக் கட்டையிற் செதுக்குமாறு மாணவனைப் பணித்துவிட்டு, பத்தையும் தனித்தனியே மதிப்பிடுதல், காப்பியம் எழுதச் சொல்லிவிட்டு ஒவ்வொரு செய்யுளையும் தனிப்பாடலாக அளப்பதை ஒக்கும். அவ்வாறு அளக்கப்பெறும் மாணவன் ஒவ்வொரு கட்டையிலும் கதிர் விரிப்பான். விரியாதது தோற்றுவிடும் என்பதை அவன் அறிவான். எக்கட்டை வலிகுன்றி நிற்கின்றது, அவ்வாறு நிற்றல் அடுத்ததற்கு இடந்தருவதற்காகவோ, கைத்திறன் இன்மையாலோ என்னும் வினாவை ஆசிரியர் எழுப்புவாராயின், மதிப்பெண்களின் வரிசை பெரிதும் மாறும். வரிசையிலிருந்து ஒரு படத்தை மறைத்துவிட்டு எஞ்சியவற்றைப் பிறனொருவனிடம் தந்து கதை கூறச் செய்தல், இதற்கு எளியதொரு சோதனை.

வார்டின் இறுதிப் படக்கதை 1937-இல் வெளிவந்த ‘தலைச்சுழற்சி’. படங்கள் 230. பொருளாதார வீழ்ச்சியில் சிக்கிய மூவரின் வாழ்வு மூன்று பகுதியாக அமைகின்றது. ஈண்டும் படங்களுக்குச் சொல் இல்லை. பகுதிகளின் உட்பிரிவுகளுக்குக் காலமே பெயராக உள்ளது. இளம்பெண்ணின் பகுதி ஆண்டுகளாகவும், முதியவரின் பகுதி திங்களாகவும், இளைஞனின் பகுதி நாள்களாகவும் பகுக்கப்பட்டுள்ளன. முதல் நூலின் தலைப்புகள் செய்யத் தவறிய பணியை இவை செய்கின்றன. முதற்பொருளாகிய காலத்தைச் சொல் ஏற்றுக்கொள்ள, உரிப்பொருளைக் காட்டும் கடமை மட்டும் படத்திற்கு எஞ்சுகின்றது. ஆறாண்டு ஏக்கம் ஒருபுறமும் சில நாள் அலைச்சல் மறுபுறமும் ஒரே அளவுள்ள தாள்களில் ஓடுகின்றன. செல்வர்க்குத் திங்கட்கணக்கு, வேலை தேடுவோனுக்கு நாட்கணக்கு என்னும் இவ்வமைப்பை 1929-இல் கதிர் விரித்த கை எண்ணியிராது. இந்நூலின் பல கட்டைகளில் ஒளிக்கதிர் இல்லை; கதவு, படிக்கட்டு, காத்து நிற்கும் வரிசை, அவ்வளவே.